ஆறப் பொறுப்பதும் வேலைதான்

ஆய்வகங்களில் ஓர் எந்திரத்தை இயக்கக் கற்பிக்கிறோம், நிறுத்தக் கற்பிப்பதில்லை. லேசர் பொறிப்பு எந்திரத்தை முன்வைத்து இதைச் சொல்ல விரும்புகிறேன். கட்டடக்கலை, வடிவமைப்பு, இயந்திரவியல் எனப் பல துறை மாணவர்களும் பகிர்ந்துகொள்ளும் கருவி அது. கோப்பை ஏற்றுதல், குவியத்தைச் சரிசெய்தல், வேகத்தையும் திறனையும் தெரிவுசெய்தல் ஆகியவை அதன் பயிற்சி வகுப்பில் விரிவாக இடம்பெறும். "முடிந்ததும் சற்று ஆறவிட்டு அணையுங்கள்" என்னும் ஒற்றை வரியோடு வகுப்பு நிறைவடையும். எது ஆற வேண்டும், எதுவரை ஆற வேண்டும், அந்த நேரம் யாருடையது என்னும் மூன்று கேள்விகளுக்கு அந்த வரியில் விடை இல்லை.

முதலில், எது ஆற வேண்டும்? கல்லூரி ஆய்வகங்களில் பரவலாக இருப்பது கரியமில வாயு லேசர். பாராமதியில் பிறந்து புணேயில் பொறியியல் பயின்ற குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1964இல் உருவாக்கியது அது. அதன் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளக் கற்றையை மரமும் அக்ரிலிக்கும் நன்கு உறிஞ்சிக்கொள்கின்றன. ஆயினும், கண்ணாடிக் குழாய் பெறும் மின்னாற்றலில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடே கற்றையாகிறது. 60 வாட் கற்றைக்கு 300 முதல் 600 வாட் வரை மின்சாரம் வேண்டும், மிச்சமெல்லாம் வெப்பம். குழாயைச் சூழ்ந்த உறைக்குள் ஓடும் நீர் அவ்வெப்பத்தைச் சில்லருக்குக் கொண்டுசெல்கிறது.

கற்றை நின்றதும் புதிய வெப்பம் உண்டாவது நின்றுவிடும். ஆனால் கண்ணாடியிலும் மின்முனைகளிலும் ஏற்கெனவே தேங்கிய வெப்பம் அங்கேயே இருக்கும். அந்நிலையில் மொத்த மின்விசையையும் ஒரே பொத்தானில் அணைத்தால் நீரோட்டமும் நின்றுவிடுகிறது. ஒருநாள் அவ்வாறு செய்வதால் குழாய் உடைந்துவிடப் போவதில்லை. ஆனால் சமனற்ற வெப்பத்தால் எழும் தகைவு நாள்தோறும் நேர்வது கண்ணாடிக்கோ அதன் இணைப்புகளுக்கோ நல்லதன்று.

குழாயைவிடப் பெரிது, கற்றைக்குக் கீழே இருப்பது. வெட்டுப்பட்ட ஒட்டுப்பலகையின் விளிம்பும், தட்டுக்கு அடியில் விழுந்த துண்டுகளும் சுடரில்லாமல் கனன்றுகொண்டிருக்கக்கூடும். மூடிக்குள் புகையும் கண்ணுக்குத் தெரியாத ஆவிகளும் நிறைந்திருக்கும். புகைபோக்கி விசிறியையும் சேர்த்து அணைத்துவிட்டு அறையைப் பூட்டிச் செல்பவர், அந்தப் பொறியையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறார்.

எதுவரை ஆற வேண்டும் என்பதற்கு நெடிய காத்திருப்பு தேவையில்லை; பொதுவாகச் சில நிமிடங்கள் போதும். கடிகாரத்தைவிட வெப்பமானியை நம்பலாம்: குழாய்க்குள் செல்லும் நீரும் வெளிவரும் நீரும் ஒரே வெப்பநிலையை அடைந்துவிட்டால் குழாய் ஆறிவிட்டது. அடித்தட்டை இழுத்துக் கண்ணால் பார்த்துத் துண்டுகளை அகற்றிவிட்டால் மற்றதும் முடிந்தது.

சிக்கல் மூன்றாம் கேள்வியில் இருக்கிறது. ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது பழமொழி. அதைத் தனிமனிதரின் அவசரத்தைச் சுட்டும் சொல்லாகவே கேட்டுப் பழகிவிட்டோம். ஆய்வகத்தில் ஆறப் பொறுக்காதது மனிதர் மட்டுமன்று, நேர அட்டவணையும்தான். மாலை ஐந்தரைக்கு ஆய்வகம் மூடப்படும் என்றால் ஐந்தரை வரை முன்பதிவு வழங்கப்படுகிறது. கற்றை ஓடும் நிமிடங்களே வேலை நேரமாகக் கணக்கிடப்படுகின்றன. அதன்பின் வரும் நிமிடங்கள் மாணவருடையவை அல்ல, துறையினுடையவையும் அல்ல. அவை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்துக்குக் காத்திருக்கும் ஆய்வக உதவியாளரின் தலையில் விழுகின்றன. அவர் பலவிடங்களில் ஒப்பந்தப் பணியாளர். கூடுதல் நேரத்துக்கு ஊதியம் இல்லாதவர். குழாய் பழுதானால் விளக்கம் கேட்கப்படுவதும் அவரிடமே. எந்திரம் வாங்க ஒருமுறை மானியம் கிடைக்கும்; மாற்றுக் குழாய்க்குத் தொடர்செலவுத் தலைப்பில் பணம் இராது. அந்தப் பருவத்தின் மாணவர் பணிகள் அப்படியே நின்றுபோகும்.

அனல்மின் நிலையத்தில் விசையாழியை நிறுத்திய பின்னும் அதன் சுழலியை மெதுவாகச் சுழலவிட்டே ஆறவைப்பார்கள். இல்லையேல் அது வளைந்துவிடும். அதற்கென ஆளும் பணிமுறையும் உண்டு. அங்கே நிறுத்துதல் என்பது ஒரு கணமன்று, ஒரு வேலை. சிறிய எந்திரம் என்பதால் நாம் அதைக் கணமாகச் சுருக்கிவிட்டோம்.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழலாம்: கருவியோ ஒன்று, மாணவரோ பலர், ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறைத்தால் எப்படி? ஒவ்வொரு முறையும் குறைக்க வேண்டியதில்லை. ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும்போது எந்திரம் அணைக்கப்படுவதில்லை. நீரும் விசிறியும் ஓடிக்கொண்டே இருக்கும். நாளின் கடைசி முன்பதிவில் மட்டும் கால் மணி நேரத்தை ஒதுக்கினால் போதும். ஐந்தேகாலுக்குக் கற்றை நிற்கட்டும். ஐந்தரைக்கு உதவியாளர் வீடு செல்லட்டும்.

இத்துடன் இரண்டு செய்யலாம். பழைய விளக்குப் புரொஜெக்டர்களில் அணைத்த பின்னும் விசிறி தானாக ஓடி நின்றதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே பம்புக்கும் விசிறிக்கும் தனி மின்னிணைப்பு கொடுத்து, தாமதமாக அணைக்கும் டைமர் ரிலே ஒன்றைத் தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்தலாம். மேலும், கருவிப் பதிவேட்டில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றோடு 'ஆறிய நேரம்' என்றொரு பத்தியைச் சேர்த்து, அதில் மாணவரே கையொப்பமிட வேண்டும் என விதிக்கலாம்.

கருவியைப் பயன்படுத்தும் உரிமை மாணவருக்கு உண்டெனில், அது ஆறும்வரை அருகிலிருக்கும் பொறுப்பும் அவருக்கு உண்டு. அதற்கான நேரத்தைக் கணக்கில் சேர்ப்பது துறையின் கடமை. அடுத்த பருவத்துக்கான முன்பதிவு அட்டவணையைத் தயாரிப்போர் கடைசிக் கட்டத்தை மட்டும் மாற்றி எழுதினால் இது தொடங்கிவிடும்.