இரண்டாவது திரைக்குக் கார்டு வேண்டுமா?

கணிப்பொறி இன்று செல்வர் வீட்டுப் பொருள் அன்று. 2020-ஆம் ஆண்டில் பள்ளிக் கதவுகள் மூடப்பட்டுப் பாடங்கள் யாவும் திரை வழியே வரத் தொடங்கிய நாள் முதல், நம்மில் பலருடைய இல்லங்களில் அது மிக்சிக்கும் தையல் இயந்திரத்திற்கும் நடுவே தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இப்போது இன்னொரு தேவையும் தலைதூக்கியிருக்கிறது. ஒரு திரை போதவில்லை! ஒருபுறம் பாடம் ஓட, மறுபுறம் குறிப்பெடுக்க வேண்டியுள்ளது. ஆண்டு மலரின் பக்கங்களை ஒழுங்கு செய்யும் மாணவியரைக் கேட்டுப் பாருங்கள். கையெழுத்துப் படி ஒரு திரையிலும் பக்க அமைப்பு மறு திரையிலும் இருந்தால் எத்தனை பிழைகள் கண்ணில் படுகின்றன என்பதை அவர்கள் சொல்வார்கள். எனவே இரண்டாவது மானிட்டர் வேண்டும் என்று பிள்ளை கேட்டால், அதை ஆடம்பரம் என்று பெற்றோர் ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆனால் அந்த மானிட்டரின் பின்னாலேயே வேறொரு செலவும் வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறது. “இரண்டு மானிட்டரா? அப்படியானால் கிராஃபிக்ஸ் கார்டு போட வேண்டுமே!” கடைக்காரர், பக்கத்து வீட்டு மாமா, பொறியியல் படிக்கும் பெரியப்பா மகன் என யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். நம் தோழி ஒருத்தியின் தந்தையிடம் ஒரு கடையில் கார்டுக்கு ஏழாயிரம், அதைத் தாங்கக்கூடிய எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மூவாயிரம் எனக் கணக்குச் சொன்னார்களாம். அவர் தையல் தொழில் செய்பவர். பத்தாயிரம் ரூபாய் என்பது எத்தனை இரவுகள் கண்விழித்துத் தைத்த பணம் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. தோழி வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பழைய மானிட்டர் வி.ஜி.ஏ. போர்ட்டில் செருகப்பட்டிருந்தது. அதன் பக்கத்திலேயே எச்.டி.எம்.ஐ. போர்ட் ஒன்று தூசி படிந்து சும்மா கிடந்தது. ஒரு கேபிளோடு வேலை முடிந்தது!

அப்படியானால் அத்தனை பேரும் பொய் சொல்கிறார்களா? இல்லை. ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததை இன்றும் சொல்கிறார்கள். 1987-இல் வெளிவந்த மாக்கின்டோஷ் 2 கணிப்பொறியில் பல திரைகளை இணைக்கலாம். ஆனால் திரைக்கு ஒரு கார்டு பொருத்த வேண்டும். விண்டோஸ் 98 பல திரைகளுக்கு இடம் கொடுத்தபோதும் நடைமுறை பெரும்பாலும் அதுவே. 1999-இல் கனடாவின் மேட்ராக்ஸ் நிறுவனம் ஜி400 என்ற கார்டை வெளியிட்டு, ஒரே கார்டில் இரு திரைகள் என்பதைப் பரவலாக்கியது. பின்னர் படம் வரையும் பகுதி பிராசசருக்குள்ளேயே குடியேறிவிட்டது. 2011-இல் வந்த இன்டெல் இரண்டாம் தலைமுறைக் கோர் பிராசசர்களில் பெரும்பாலானவற்றில் அது அதே சிப்பில் அமைந்திருந்தது. இரண்டு திரைகளைத் தாங்கியது. அடுத்த ஆண்டு வந்தவை மூன்று திரைகள் வரை தாங்கின. வழக்கம் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் பேச்சு மட்டும் மாறவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமே! நாம் வழக்கமாக வாங்கும் திரையில் அகலவாட்டில் 1920 புள்ளிகள், உயரவாட்டில் 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. ஒரு புள்ளிக்கு 4 பைட் எனக் கொண்டால் ஒரு திரையின் படத்திற்குச் சுமார் 8 மெகாபைட். இரண்டு திரைகளுக்கு 16. இதைப்போலப் பன்மடங்கு நினைவகத்தை விண்டோஸ் எடுத்துக்கொண்டாலும், இன்றைய சாதாரணக் கணிப்பொறிக்கு அது ஒரு சுமையே அன்று. கடைகளில் பெருமையாகச் சொல்லப்படும் 8 ஜி.பி., 12 ஜி.பி. எல்லாம் விளையாட்டுகளுக்கும் முப்பரிமாணப் படங்களுக்கும் வேண்டியவை. வேதியியல் பாடத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்க அவை எதற்கு?

“வாங்குவதே வாங்குகிறோம், நல்லதாக ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டால் பின்னால் உதவாதா?” என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. பாத்திரக் கடையில் இந்த நியாயம் செல்லும். கார்டு அப்படிப்பட்டதன்று. 2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற கார்டு ஒன்றே 450 வாட் மின்சாரம் கேட்கிறது. மதர்போர்டின் கார்டு ஸ்லாட் தரக்கூடியதோ 75 வாட்தான். மீதிக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்ற வேண்டும், மின்விசிறி கூட்ட வேண்டும், கரண்டு பில்லும் கட்ட வேண்டும்.

உண்மையிலேயே கார்டு தேவைப்படுவோரும் இருக்கிறார்கள். பிராசசர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதில் படம் வரையும் பகுதி இல்லை. சில பழைய பெட்டிகளில் வி.ஜி.ஏ. போர்ட் ஒன்று மட்டுமே இருக்கும். இவர்கள் தனி மின்கம்பி கேட்காத சிறிய கார்டைத் தேடினால் போதும். 2017-இல் வந்த ஜி.டி. 1030 போன்றவை 30 வாட்டுக்குள் அடங்கிவிடும். விலை மலிவு என்று ஜி.டி. 710-ஐக் கையில் திணித்தால் வாங்காதீர்கள். அந்த வகைக்கு வழக்கமான புதிய டிரைவர்கள் வெளியிடுவதை என்விடியா நிறுவனம் 2021-இலேயே நிறுத்திவிட்டது. கார்டின் பின்புறமுள்ள போர்ட்டுகளும் நம் மானிட்டர்களின் போர்ட்டுகளும் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். கார்டு போட்ட பின் இரண்டு மானிட்டர்களையும் கார்டிலேயே செருகுங்கள். பல பெட்டிகளில் கார்டு வந்தவுடன் மதர்போர்டின் பழைய போர்ட்டுகள் உறங்கிவிடும். பயாஸ் அமைப்பில் போய்த்தான் அவற்றை எழுப்ப வேண்டும். இது தெரியாமல் புதிய மானிட்டரைப் பழுது என்று திருப்பிக் கொடுப்பாரும் உண்டு.

கேபிளிலும் ஏமாறக்கூடாது. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குச் செல்லும் கேபிளை எதிர்த்திசையில் மாட்டினால் திரை இருண்டே கிடக்கும். எச்.டி.எம்.ஐ. உள்ள பெட்டியில் பழைய வி.ஜி.ஏ. மானிட்டரை இணைக்க வெறும் கேபிள் போதாது; கன்வெர்ட்டர் என்ற சிறு கருவி வேண்டும். அக்காமார் சிலருக்கு அரசின் விலையில்லா மடிக்கணினி கிடைத்திருக்கும். அதன் பக்கவாட்டிலும் போர்ட் உண்டா எனத் தடவிப் பாருங்கள்.

இவற்றில் எதுவும் பெரிய வித்தை அன்று. ஆயினும் நம் வீடுகளில் பெட்டியின் பின்புறத்தைப் பார்ப்பது தம்பியின் வேலை, மாமாவின் வேலை என்று எப்படியோ ஆகிவிட்டது. மோட்டார் போடத் தெரிந்த அம்மாவும், ஃபியூஸ் போடத் தெரிந்த பாட்டியும் இருக்கும் வீட்டில்கூட “உனக்கு எதற்கடி இந்த வயர் வேலை?” என்கிறார்கள். பணம் கொடுப்பவர் அப்பா, படிக்கப் போகிறவள் மகள். எது வேண்டும் என்று முடிவு செய்பவர் மட்டும் மூன்றாம் மனிதரா?

ஆதலால் சிஸ்டர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள். கணிப்பொறி அறையில் மாணவியரான நாங்கள் பெட்டிகளின் முகத்தை மட்டுமே பார்த்து வருகிறோம். வரும் ஆண்டில் ஒரே ஒரு பாடவேளை, மெயினை அணைத்துவிட்டு, பெட்டிகளை எங்களைக்கொண்டே திருப்பச் செய்யுங்கள். எது வி.ஜி.ஏ., எது எச்.டி.எம்.ஐ., எது டிஸ்ப்ளே போர்ட் என்று தொட்டுப் பார்க்கிறோம். பிறகு அறையின் மூலையில் உறையிட்டு வைத்திருக்கும் பழைய மானிட்டர் ஒன்றைக் கொடுங்கள். கேபிளைச் செருகி, விண்டோஸ் விசையோடு ‘பி’ விசையை அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும். ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தொட்டால் இரண்டு திரைகளும் ஒரே மேசையாகிவிடும். நாற்பது நிமிடம் தாராளமாகப் போதும்.