சென்டைக் குற்றம் சொல்லாதீர்கள்

சென்ற மாதம் நம் சங்க ஆண்டு விழாவில் நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஓர் அம்மாளின் சென்ட் வாசனை தாங்காமல் பின் வரிசையில் இருவர் இருமிக்கொண்டே எழுந்து வேறு இடம் தேடிப் போனார்கள். அந்த அம்மாள் என் மனைவிதான். "விழாவுக்கு வருவோர் சென்ட் பூசி வர வேண்டாம்" என்று இனி அழைப்பிதழிலேயே அச்சிடலாம் என்று செயற்குழுவில் யோசனை வந்திருப்பதாகக் கேள்வி. இந்த வழக்கில் நான் கட்சிக்காரன், ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

அந்த சென்ட் 'ஒயிட் டயமண்ட்ஸ்'. ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர் பெயரில் 1991-ல் வெளிவந்தது. அவர் 2011-ல் காலமான பிறகும் விற்றுக்கொண்டிருக்கிறது. பாட்டிலின் கழுத்தில் போலி வைரம் பதித்த ஒரு முடிச்சு. மைத்துனர் மகன் அமெரிக்காவிலிருந்து அத்தைக்கென்று ஆசையாகக் கொண்டுவந்தது. "சினிமாக்காரி பெயரை ஒட்டி விற்கிற இனிப்புத் தண்ணீர்" என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். அதை உருவாக்கிய கார்லோஸ் பெனாயிம் வாசனைத் தொழிலில் பேர்பெற்றவர் என்பதை அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ரயில்வேயில் பழுது பார்த்த எஞ்சினைச் சோதனை ஓட்டம் பார்க்காமல் லைனில் விடமாட்டோம். அதே பழக்கத்தில் ஒரு ஞாயிறு காலை 9 மணிக்கு என் மணிக்கட்டில் ஒரே ஒரு முறை அடித்துக்கொண்டேன். (விழாவுக்குப் பிறகு மனைவி சிரித்தது அன்றுதான்.) முதல் பத்து நிமிடம் உண்மையிலேயே மூக்கில் குத்தியது. புதுச் சோப்பைப் பிரித்து மூக்கருகே வைத்தாற்போல இருந்தது. ஆல்டிஹைடு என்னும் ரசாயனங்களின் வேலை அது. ஆல்கஹால் ஆவியாகிற வேகத்தில் அவையும் பாய்ந்து வருகின்றன. அரை மணியில் அது அடங்கி, மல்லிகை, ரோஜா என்று பூக்கள் கலந்து வந்தன. பதினொரு மணிக்கு மேல்தான் அசல் சரக்கு. இனிப்பாக, மெத்தென்று, குளிப்பாட்டிய குழந்தைக்குப் பவுடர் போட்டாற்போல ஒரு வாசனை. அதுவும் பக்கத்தில் வந்தால்தான் தெரிகிறது. சாயங்காலம் காபி டம்ளரைத் தூக்கியபோதும் லேசாக இருந்தது. கைக்குட்டையில் அடித்தது மறுநாளும் போகவில்லை.

இப்போது விழா நாளுக்கு வருவோம். வாசலில் ஆட்டோ நிற்கிறது. மனைவி அவசரமாகப் பட்டுப்புடவை மேல் ஐந்தாறு முறை அடித்துக்கொண்டாள். அரங்கத்தில் ஏ.சி., கதவெல்லாம் சாத்தியிருந்தது. ஆக, சபைக்குக் கிடைத்தது அந்த முதல் பத்து நிமிடம், அதுவும் ஆறு மடங்காக. பவுடர் டப்பாவோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் தாராளமாகத் தட்டுவோம். அதே கணக்கை சென்டுக்கும் போட்டதுதான் தப்பு. பட்டில் கறை படியும் என்பது வேறு.

ஆஸ்துமாவும் ஒற்றைத் தலைவலியும் உள்ளவர்கள் வம்புக்காகச் சொல்லவில்லை. அவர்களுக்கு அரங்கத்தில் கதவோரமாக இரண்டு வரிசை ஒதுக்கலாம். கிளம்புவதற்கு ஒரு மணி முன்னதாக, துணியில் அல்லாமல் உடம்பில், ஒரு முறை போதும் என்று அழைப்பிதழில் போடுங்கள், மனமார ஆதரிக்கிறேன். தடை என்றே வந்தால் என்னைப் போன்ற கிழவர்கள் முழங்காலில் தேய்த்து வரும் தைலத்தையும், பீரோவிலிருந்து நேரே வரும் அந்துருண்டை வேட்டியையும் முதலில் நிறுத்தவேண்டும். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோம்.

அன்றிரவே அவள் அந்தப் பாட்டிலைப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பொங்கல் விழாவுக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஐந்து மணிக்கு விழா என்றால் நாலு மணிக்கு, ஒரே முறை. அன்று எழுந்து போன அன்பர்கள் இருவரும் பத்து நிமிடம் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டுகிறேன். அப்போதும் முடியவில்லை என்றால் சொல்லுங்கள், நாங்களே எழுந்து வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்.