வாசல்படியை அம்மி போல் கொத்துங்கள்!

வீடு கட்டுகிறவர்களே, ஒரு நிமிஷம்!

ஹாலுக்கு எந்தக் கல் வேண்டுமானாலும் போடுங்கள். பளிங்கு போடுங்கள். மொசைக் போடுங்கள். அது உங்கள் இஷ்டம். வாசல்படி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். அது மழையில் நனைகிற இடம்.

சென்னையில் எந்தப் புதுத் தெருவுக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கன்னங்கரேல் என்று கிரானைட் படி. பாலீஷ் போட்டு மின்னுகிறது. முகம் பார்த்துத் தலை வாரிக் கொள்ளலாம்! பார்க்க ஜோர்தான். மழை பெய்தால்? எண்ணெய் தடவிய தோசைக்கல்!

நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான்.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. "உள்ளே போட்ட கல்லு மிச்சம் இருக்கு சார். வாசலுக்கும் அதையே போட்டுடலாம். வீடே எடுப்பா இருக்கும்" என்றார் மேஸ்திரி. தலையாட்டினேன். வந்தவர்கள் எல்லாம் "படி பிரமாதம்" என்றார்கள். எனக்கும் பெருமை.

ஐப்பசி வந்தது. விடிகாலைத் தூறல். பால் வாங்க இறங்கிய அம்மாவுக்கு இரண்டாவது படியில் கால் வழுக்கியது. இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன், பிளேட்டு, மூன்று மாதம் கட்டில். கல்லுக்குக் கொடுத்ததைப் போல் பல மடங்கு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தேன். இப்போது அம்மா கைத்தடியோடு நடக்கிறார். ஆனால் வாசலுக்கு வருவதில்லை. "அந்தப் படியை நெனச்சாலே காலு நடுங்குதுடா" என்கிறார்.

பாலீஷ்தான் எமன்!

கல் மீது குற்றமில்லை. கிரானைட் உறுதியான கல். வெயில், மழை எதற்கும் அசையாது. பாலீஷ்தான் எமன். சொரசொரப்பான கல்லில் தண்ணீர் பள்ளங்களில் இறங்கிவிடும். மேடுகள் பாதத்தைப் பிடிக்கும். வழவழ கல்லில் தண்ணீர் போக இடமில்லை. காலுக்கும் கல்லுக்கும் நடுவே படலமாக நிற்கும். அதில் கோலமாவும் கரைந்தால் கேட்கவே வேண்டாம்!

அம்மி தேய்ந்து வழவழப்பானால் நம் பாட்டிமார் சும்மா இருந்தார்களா? "அம்மி கொத்தலையோ, அம்மி!" என்று தெருவில் வருகிறவரைக் கூப்பிட்டுக் கொத்த வைத்தார்கள். மிளகாய் வழுக்கக் கூடாது என்று அத்தனை அக்கறை. மனுஷன் வழுக்கி விழுந்தால் பரவாயில்லையா?

எதைப் போடலாம்?

உளியால் கொத்திய கருங்கல் முதல் தரம். கிரானைட்தான் வேண்டும் என்றால் 'பிளேம்டு' என்று கேளுங்கள். நெருப்புச் சுவாலையால் மேல்தோலைப் பொரிய வைத்த கல் அது. கறுப்பைத் தவிர்த்து வெளிர் நிறம் வாங்குங்கள். கத்திரி வெயிலில் கறுப்புக் கல் காலைச் சுட்டுவிடும்.

கடப்பா கல்லிலும் பாலீஷ் வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் வகை. வெயிலில் கறுப்பு வெளுக்கும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் அரித்துவிடும்.

கையைக் கடிக்கிறதா? சிமெண்டு படியே போதும். பூச்சு இறுகும் முன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள். செலவில்லாத பிடிப்பு!

டைல்ஸ் என்றால் வெளிவாசலுக்கென்று வருகிற சொரசொரப்பு ரகம்தான். ஹால் டைல்ஸ் வேண்டவே வேண்டாம்.

கடையில் எல்லாக் கல்லும் காய்ந்துதான் கிடக்கும். காய்ந்த கல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி நில்லுங்கள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். கால் சொல்வதைக் கேளுங்கள்.

அளவிலும் கவனம் தேவை. வீட்டுப் படியின் உயரம் 190 மில்லி மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கால் வைக்கும் அகலம் 250 மில்லி மீட்டருக்குக் குறையக்கூடாது. இது தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்வது. எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்கட்டும். தண்ணீர் தேங்காமல் முன்பக்கம் லேசாகச் சரிவு கொடுங்கள். எந்தக் கல்லானாலும் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

"ஏற்கெனவே போட்டாச்சே சார்" என்கிறீர்களா? பெயர்க்க வேண்டாம். பலகை போல் மெல்லிய கல்லை உளியால் கொத்தினால் விரிசல் விடும். படி விளிம்பை ஒட்டி மிஷினால் மூன்று காடி இழுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியும் போடுங்கள். இரண்டையும் நான் செய்துவிட்டேன். அம்மா விழுந்த பிறகு!

வாசல்படி வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமல்ல. பேப்பர் பையன் ஏறுகிறான். தபால்காரர் ஏறுகிறார். தோளில் கேஸ் சிலிண்டரோடு ஒருவர் ஏறுகிறார். அவர் விழுந்தால் மூன்று மாதம் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

உங்கள் படி மின்னுகிறதா என்று அவர் பார்ப்பதில்லை. கால் நிற்கிறதா என்றுதான் பார்க்கிறார். நீங்களும் அதையே பாருங்கள்!