பொடி ரயிலும் பாய்லர் அண்ணாச்சியும்

அருப்புக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு ஓர் இளைஞன் என்ன செய்ய முடியும்? சினிமாவுக்குப் போகலாம். டீக்கடை பெஞ்சைத் தேய்க்கலாம். மாமனார் வீட்டுக்குப் போகலாம் (வேறு வழியே இல்லையென்றால்). நான் நாலாவதாக ஒன்று சொல்கிறேன்: ரயில் ஓட்டலாம். நிஜமான நீராவி ரயில். என்ன, முழங்கால் உயரம்தான் இருக்கும்.

பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். கரி போட்டு, தண்ணி கொதித்து, 'கூ' என்று விசிலடித்து, பின்னால் பலகை வண்டியில் பத்துப் பேரை வைத்து இழுக்கும். இங்கிலாந்தில் இதற்கென்று ஊர் ஊராகச் சங்கங்கள் உண்டு. 1898-ல் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 'மாடல் என்ஜினீயர்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதே வருஷம் லண்டனில் சங்கமும் வந்துவிட்டது. நம்மைப் போலப் பகலெல்லாம் ஃபைல் தள்ளுகிற ஆட்கள், சாயங்காலம் வீட்டுக் கொல்லையில் லேத்தை ஓட்டி எஞ்சின் செய்கிறார்கள்.

நம் நாட்டிலும் புனேயில் பாவ் ஜோஷி என்பவர் 1998-ல் மினியேச்சர் ரயில் மியூசியமே திறந்தார். ஆனால் அது மின்சாரத்தில் ஓடுகிற குட்டி ரயில். கண்ணுக்கு விருந்து, ஏறி உட்கார முடியாது. நான் சொல்வது உட்கார்ந்து போகிற ஜாதி.

இவ்வளவூண்டு எஞ்சின் ஆளை இழுக்குமா என்று 1920-களில் அங்கேயே பெரிய சண்டை நடந்தது. சின்ன பாய்லரில் கரி எரித்து உருப்படியாக ஆளை இழுக்க முடியாது என்று ஒரு கோஷ்டி. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதி வந்தவர், இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் தன் கரி எஞ்சினை ஓட்டி, அதன் பின்னால் ஆள் உட்கார்ந்து போக முடியும் என்று காட்டினார். வாயடைத்தது.

நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக மானாமதுரை போகும் பாதை முன்பு மீட்டர் கேஜ். 2013-ல்தான் அகலப்பாதை ரயில் வந்தது. பழைய மீட்டர் கேஜ் எஞ்சினை அஞ்சு அங்குலத் தண்டவாளத்துக்குச் சுருக்கினால் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் எட்டில் ஒன்று என்பதால் எடை 512-ல் ஒன்றாகிவிடும். நூறு டன் எஞ்சின் இருநூறு கிலோவுக்கு வந்து நிற்கும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்வதற்கு அதிகப் பலம் வேண்டாம் என்பதால், இந்த இருநூறு கிலோ உங்கள் மாமனாரையும் சேர்த்தே இழுத்துவிடும்.

சாமான்? எல்லாம் ஊரிலேயே இருக்கிறது. லேத் பட்டறை இருக்கிறது. ஸ்பின்னிங் மில்லில் ரிட்டயரான பிட்டர், தறி ரிப்பேர் பார்க்கிறவர், சும்மா உட்கார்ந்தால் கை நமைக்கிற ஆட்கள். பாய்லர் செம்பில் செய்வது. அதை ஒட்டுவது வெள்ளி கலந்த பற்று. பத்தர் பட்டறையில் பொடி வைத்து ஊதுகிற அதே சங்கதியின் பெரியண்ணன்தான். நெருப்புப் பற்றவைக்க, மண்ணெண்ணெயில் நனைத்த அடுப்புக்கரியைப் போட்டு, புகைபோக்கியில் சின்ன மின்விசிறி வைத்து இழுப்பார்கள். வேலிக்கருவை மூட்டம் போடுகிற சீமையில் கரிக்கா பஞ்சம்? பஞ்சம் தண்ணிக்குத்தான். அதிலும் உப்புத்தண்ணியை ஊற்றினால் பாய்லருக்குள் காறை கட்டிவிடும். மழைத்தண்ணியைப் பிடித்து வைக்க வேண்டும், மழை வந்தால்.

இதெல்லாம் கூடிவிடும். எஞ்சின் செய்வது கஷ்டமே இல்லை என்று கூடச் சொல்வேன். கஷ்டம் சங்கம் நடத்துவதில் இருக்கிறது.

அந்தச் சங்கங்களில் பாய்லர் டெஸ்ட் செய்யாமல் வண்டி நகராது. சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டில் ஓடப்போகிற புது பாய்லர் என்றால், அதில் தண்ணியை நிரப்பி, கைப்பம்பால் 160 வரை ஏற்றிப் பார்ப்பார்கள். அடுத்தடுத்த டெஸ்டுக்கு ஒன்றரை மடங்கு. ஏன் தண்ணி? காற்றடைத்த டியூப் வெடித்தால் தெருவுக்கே கேட்கும். தண்ணி நிரப்பியது கிழிந்தால் காலில்தான் ஊற்றும். அப்புறம்தான் நீராவி வைத்து ஒரு டெஸ்ட், அடைப்பான் சரியான அழுத்தத்தில் திறந்துகொள்கிறதா என்று.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு விதி: செய்தவன் தன் பாய்லரைத் தானே பாஸ் பண்ணக்கூடாது. வேறொருவர்தான் பார்க்க வேண்டும்.

இதை நம்ம ஊரில் நினைத்துப் பாருங்கள். சங்கத்துக்கு நிலம் கொடுத்தது அண்ணாச்சி. செம்புத் தகடு வாங்கிக் கொடுத்தது அண்ணாச்சி. எஞ்சினும் அண்ணாச்சி செய்தது. பொங்கலுக்கு ஓட்டம். டெஸ்ட் பண்ணுகிற பையனுக்கு வயசு இருபத்தாறு.

"அண்ணாச்சி, மூணாவது ஸ்டேயில கசியுது. வண்டி ஓடாது."

"ஏம்ப்பா, ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாச்சு. புள்ளைங்க வந்து நிக்கிது. ஒரு ட்ரிப்புதானே?"

"ஓடாது அண்ணாச்சி."

(ஸ்டே என்பது நெருப்புப் பெட்டியின் சுவரையும் வெளிச்சுவரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கம்பி. ஒன்று விட்டால் பாரம் பக்கத்துக் கம்பிக்குப் போகும்.)

அந்த மூன்றாவது வரியைச் சொல்ல ஓர் ஆள், சொன்னதைக் கேட்டுக்கொண்டு நெருப்பை அணைக்க ஓர் அண்ணாச்சி. இரண்டு பேரும் கிடைத்தால்தான் சங்கம். இல்லாவிட்டால் அது தலைவர் வீட்டு ரயில். பின்னால் உட்காரப்போவது பக்கத்துத் தெருப் பிள்ளைகள். பாய்லருக்கும் அவர்களுக்கும் நடுவே இருப்பது ஓட்டுகிறவரின் முதுகு மட்டும்தான்.

சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 25 லிட்டருக்குக் குறைந்த பாய்லரைப் பாய்லர் சட்டம் தொடுவதில்லை. குட்டி எஞ்சின் பலவும் அந்தக் கணக்குக்குள் நுழைந்துவிடும். ஆக இன்ஸ்பெக்டர் வரமாட்டார், அந்த இருபத்தாறு வயசுப் பையன்தான் இன்ஸ்பெக்டர்.

ஆசைப்படுகிறவர்கள் முதலில் எஞ்சினுக்குப் பணம் சேர்க்க வேண்டாம். ஒரு கைப்பம்ப், பொய் சொல்லாத பிரஷர் மீட்டர் ஒன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்று. நோட்டில் தேதி, பாய்லர் நம்பர், ஏற்றிய பவுண்டு, பார்த்தவர் கையெழுத்து. தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்தலை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டர் அடிக்கவும் கொஞ்சம் நேரம் வேண்டுமே.