யமஹாவா, சுசுகியா? முதல் போட் எடுக்கும் சகோதரர்களுக்கு



வாடைக் காலம் முடிந்து கடல் அடங்கத் தொடங்கினால், எங்கள் கிழக்குக் கரைப் பாடசாலைகளுக்குச் சில வாப்பாமார் ஒரு ஃபைலோடு வருவார்கள். உள்ளே இஞ்சின் விளம்பரத் தாள், வாரன்டிப் பத்திரம், லீசிங் ஒப்பந்தம். எல்லாம் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் இருக்கும். "சேர், இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். வாசித்து முடிந்ததும் அடுத்த கேள்வி வரும். "அப்ப யமஹா எடுக்கவா, சுசுகி எடுக்கவா?"

நாங்கள் ஆசிரியர்கள், மெக்கானிக் அல்ல. ஆனாலும் இந்தப் பத்திரங்களை வாசித்தும், இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளோடு பழகியும் எங்களுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. நீங்கள் போட் இழுத்து வைக்கும் கரையில் எந்த இஞ்சின் அதிகமாக நிற்கிறதோ, முதல் தடவை அதையே எடுங்கள். மற்றது கொஞ்சம் மலிவாகக் கிடைத்தாலும் சரி.

ஏன் சொல்கிறோம்? யமஹாவின் 40 குதிரை வலு என்டியூரோ டூ ஸ்ட்ரோக் இஞ்சின் 703 சிசி. சுசுகியின் டிடி 40 இஞ்சின் 696 சிசி. இரண்டிலும் இரண்டு சிலிண்டர். இரண்டும் ஜப்பான் கம்பனி. அலை வெட்டிப் போகும்போது இந்த 7 சிசி வித்தியாசம் யாருக்கும் தெரியப்போவதில்லை. இஞ்சின் நிற்கிற அன்றுதான் வித்தியாசம் தெரியும்.

தண்ணீர்ப் பம்புக்குள் ரப்பரால் ஆன ஒரு இம்பெல்லர் இருக்கிறது. சின்னச் சாமான். மணலும் உப்பும் பட்டுத் தேயும். அது தேய்ந்தால் இஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் மேலே ஏறாது, சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். அந்த இம்பெல்லர் பக்கத்து ஊர்க் கடையில் இருந்தால் மறுநாள் கடலுக்குப் போகலாம். கொழும்புக்குச் சொல்லி எடுப்பதென்றால் ஒரு கிழமை போனாலும் போகும். அந்தக் கிழமையில் கீரி மீன் பட்டால் அது மற்றவர் வலைக்குத்தான். லீசிங் தவணை மட்டும் தவறாமல் வரும்.

ஒரே இஞ்சின் நிறைய நிற்கும் கரையில், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பொடியன்மாரும் இருப்பார்கள். ப்ளக் பழுதானால் பக்கத்துப் போட்டில் ஒன்று வாங்கலாம். நடுக்கடலில் நின்றால் உதவிக்கு வருபவருக்கும் அந்த இஞ்சினின் குணம் தெரியும். நாளைக்கு விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இருக்கும். விளம்பரத் தாளில் இவை எதுவும் எழுதியிருக்காது.

பெயர் பெரிது என்று மட்டும் நம்பவும் முடியாது. எவின்ரூட் அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு மேல் ஓடிய பெயர். அதன் கம்பனி 2000ஆம் ஆண்டு வங்குரோத்தானது. பிறகு கனடாவின் பிஆர்பி கம்பனி கைக்குப் போய், 2020 மே மாதம் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. இதே பிஆர்பி தனது சீ-டூ ஜெட் போட்களையும் 2012இல் நிறுத்தியிருந்தது. இஞ்சின் கூடாது என்பதால் வந்த நிலைமை அல்ல அது, கம்பனியின் கணக்கு. எவின்ரூட்டுக்குத் தொடர்ந்து உதிரிப்பாகம் தருவோம் என்றும் சொன்னார்கள். ஆனால் புது இஞ்சின் வராத பிராண்டுக்கு எங்கோ ஒரு ஊர்க் கடைக்காரர் எத்தனை வருடம் சாமான் அடுக்கி வைப்பார்?

"எல்லாரும் ஒன்றையே எடுத்தால் அந்த ஏஜென்ட் நினைத்த விலைதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. போட்டி இருந்தால்தான் விலை குறையும். ஆனால் அந்தப் பரீட்சையை மூன்று போட் வைத்திருக்கும் முதலாளி செய்து பார்க்கட்டும். ஒன்று நின்றாலும் அவருக்கு மற்ற இரண்டும் ஓடும். நேற்றுவரை அடுத்தவர் போட்டில் பங்குக்குப் போனவருக்கு இருப்பது ஒரே இஞ்சின். அது நின்றால் அவர் கடனோடு திரும்பவும் பங்குக்குப் போக வேண்டும். அடுத்த மாதம் தரம் 10 படிக்கும் மகனும் வாப்பாவோடு கடலுக்குப் போவான். எங்கள் வகுப்புகளில் காலியாகும் கதிரைகளுக்குப் பின்னால் இப்படியும் காரணங்கள் இருக்கின்றன.

எரிபொருளையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது நினைவிருக்கும். இரண்டு கம்பனியிலும் மண்ணெண்ணெய் இஞ்சின் தனியாக உண்டு. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை அது. பெற்றோல் இஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டினால் கரி பிடித்து ஆயுள் குறையும். ஃபோர் ஸ்ட்ரோக் எண்ணெய் மிச்சம், புகையும் குறைவு. ஆனால் அதே வலுவுள்ள டூ ஸ்ட்ரோக்கை விடப் பாரம் கூட. நேரத்துக்கு ஒயில் மாற்றியே ஆக வேண்டும். உங்கள் கரையில் அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

கையெழுத்து வைக்கும் முன் மூன்று விடயங்கள்.

ஒன்று, வாரன்டி. உல்லாசப் பாவனைக்கு ஒரு காலம், தொழில் பாவனைக்கு அதைவிடக் குறைந்த காலம் என்று பல கம்பனிகள் போடுகின்றன. மீன்பிடிக்கு எத்தனை மாதம் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

இரண்டு, மொத்த விலை. மாதத் தவணையை மட்டும் பார்க்காதீர்கள். வட்டியை விட்டு முராபஹா முறையில் எடுப்பதே எங்கள் விருப்பம். அதில் விற்பனை விலை ஆரம்பத்திலேயே நிச்சயமாகிவிடும். அந்தத் தொகையையும் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று, கையில் இருப்பதை எல்லாம் இஞ்சினுக்கே கொட்டாதீர்கள். 25 குதிரை வலு போதுமான போட்டுக்கு 40 வேண்டாம். மிஞ்சும் காசில் லைஃப் ஜாக்கெட், ஒரு இம்பெல்லர், இரண்டு ப்ளக், ஸ்டார்ட்டர் கயிறு வாங்கி வையுங்கள்.

பாவித்த இஞ்சின் எடுப்பவர்கள் கியர் ஒயிலை இறக்கிப் பாருங்கள். பால் நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. விற்பவருக்கும் ஒரு வார்த்தை. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நம் எல்லாருக்கும் தெரியும். பழுதைச் சொல்லி விற்றால் விலை குறையும், பரக்கத் குறையாது.

மீனவர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடிக்கடி தேயும் சாமான்களைச் சங்கத்திலேயே ஒரு பெட்டி வாங்கி வையுங்கள். ஏஜென்டிடம் தமிழில் பாவனைக் கையேடு கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள், சங்கம் கேட்டால் யோசிப்பார்கள்.

கடற்றொழில் செய்யும் சகோதரர்கள் உங்கள் ஊரையும், உங்கள் இஞ்சினுக்குக் கடைசியாகத் தேவைப்பட்ட சாமான் எத்தனை நாளில் கைக்கு வந்தது என்பதையும் கீழே எழுதுங்கள். முதல் போட் எடுக்கப்போகும் ஒருவருக்கு அது பிரயோசனமாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.