சிரிப்புக்கு ஒரு வினாத்தாள்



பாலாவி சந்தியை அறியாதவர் நம்மில் யார்? புத்தளம் - கொழும்புப் பாதையிலிருந்து கற்பிட்டிக்குப் பாதை பிரியும் இடம். பஸ்ஸுக்காக அங்கே நிற்கிறவர்கள் பேசாத பேச்சில்லை. இறால் விலை, யார் வீட்டில் கலியாணம், எந்தப் பிள்ளைக்கு எத்தனை பாடம் சித்தி என்று எல்லாம் அந்த முச்சந்தியில் கிடைக்கும். மூன்று பாதைகள் கூடும் இடத்தை இலத்தீன் மொழியில் 'ட்ரிவியம்' என்பார்கள். அங்கே பேசப்படும் சில்லறைப் பேச்சு என்ற கருத்தில் அதிலிருந்து வந்ததுதான் 'ட்ரிவியா' என்ற ஆங்கிலச் சொல். பெரிய பயன் எதுவுமில்லை. ஆனாலும் தெரிந்து வைத்திருந்தால் மனதுக்கு ஒரு சந்தோஷம் தருகிற துணுக்குச் செய்திகளுக்கு அந்தப் பெயர்.

மேல்நாடுகளில் இந்தத் துணுக்குகளை வைத்தே இரவு நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நாலைந்து பேர் ஒரு குழுவாக ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் ஒலிவாங்கியில் கேள்வி கேட்பார். குழுவினர் தமக்குள் குசுகுசுத்து விடையைத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். முடிவில் புள்ளிகளைக் கூட்டிப் பரிசு கொடுப்பார்கள். பிரித்தானியாவின் மதுக்கடைகளில் 1970களில் இந்தப் பழக்கம் நன்றாகப் பரவியது. 1979இல் கனடாவின் மொன்றியல் நகரில் கிறிஸ் ஹேனி, ஸ்கொட் அபொட் என்ற இரண்டு பத்திரிகைக்காரர்கள் 'ட்ரிவியல் பர்சூட்' என்ற பலகை விளையாட்டை உருவாக்க, கேள்விப் போட்டி வீட்டு மண்டபத்துக்கும் வந்து சேர்ந்தது. இன்றோ ஒரே ஒரு தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றி மட்டும் ஓர் இரவு முழுக்கக் கேள்வி கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்படும் நாடகங்களில் ஒன்று 'தி ஒஃபிஸ்'.

இது முதலில் 2001இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்தது. ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீபன் மெர்ச்சன்ட் என்ற இருவர் எழுதினார்கள். பிறகு அமெரிக்கர்கள் அதைத் தமக்கு ஏற்றாற்போல் மாற்றி, 2005 முதல் 2013 வரை 201 பாகங்களாக எடுத்தார்கள். கதை என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது? கடதாசி விற்கும் ஒரு கம்பனி. அதன் கிளை அலுவலகத்தில் பத்துப் பதினைந்து ஊழியர்கள். தன்னை எல்லோரும் நேசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு மெனேஜர். அவருடைய மேசையில் 'உலகின் மிகச் சிறந்த மேலதிகாரி' என்று எழுதிய தேநீர்க் கோப்பை ஒன்று இருக்கும். அதை அவருக்கு யாரும் பரிசளிக்கவில்லை. அவரே கடையில் காசு கொடுத்து வாங்கியது. முதல் பாகத்தில் ஓர் ஊழியர் தன் பக்கத்து மேசைக்காரனின் ஸ்டேப்ளரை ஜெலிக்குள் உறைய வைத்து விடுகிறார். இதைத்தான் போட்டியில் கேட்பார்கள்: ஸ்டேப்ளர் எதற்குள் இருந்தது? கோப்பையை வாங்கியது யார்?

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? வராவிட்டாலும் பாதகமில்லை. 2020ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க மக்கள் இந்த நாடகத்தை நெட்ஃப்ளிக்ஸ் வழியாக 5,710 கோடி நிமிடங்கள் பார்த்தார்கள் என்று நீல்சன் நிறுவனம் கணக்குக் கொடுத்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சத்து எட்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டுகிறது. கொரோனாவால் வீட்டில் அடைபட்டிருந்த வருடம் அது. அலுவலகம் போக முடியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து அலுவலகத்தைப் பார்த்திருக்கிறார்கள்! மனிதன் எதற்கெல்லாம் ஏங்குகிறான் பாருங்கள்.

இந்த நாடகத்தை ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்று யோசித்தால் ஒன்று புலப்படுகிறது. அதில் வீரன் இல்லை, வில்லன் இல்லை. தானே கோப்பை வாங்கிக்கொண்ட மெனேஜர் நம் ஆண்கள் வேலை செய்கிற கொழும்பிலும் கட்டாரிலும் இருக்கிறார். அலுவலகத்துக்கே போகாத சகோதரிகளும் அவரை அறிவார்கள். பெரிய கூட்டுக் குடும்பத்தின் குசினியில் நின்று பாருங்கள், உங்களுக்கும் ஒரு மெனேஜர் கிடைப்பார். (மாமிமார் கோபிக்க வேண்டாம்.)

இத்தனையும் நான் தேடிப் படிக்கக் காரணம் கற்பிட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவர் கணவனை இழந்தவர். ஒரே மகன் டொரொண்டோவில் கணக்கு வேலை செய்கிறார். போய் இரண்டு வருடம். வாரத்துக்கு ஒரு முறை கோல் எடுப்பார். சுகமா உம்மா, சாப்பிட்டீங்களா உம்மா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். போன மாதம் ஒரு நாள் வழக்கத்தை விடச் சந்தோஷமாகப் பேசினாராம். வேலைத் தலத்து நண்பர்கள் மூவரோடு ஒரு ட்ரிவியா இரவுக்குப் போய் இரண்டாம் பரிசு பெற்றதாகச் சொன்னாராம். எதைப் பற்றிக் கேட்டார்கள் என்று உம்மா கேட்க, ஒரு கொமடி நாடகத்தைப் பற்றி என்றாராம். 'காணியை ஈடு வைத்து அனுப்பினது இதுக்கா மகன்?' என்று கேட்டுவிட்டார் தாய். மகன் பேசவில்லை. அடுத்த வாரம் கோல் வரவில்லை. 'மௌலவி அவர்களே, நான் கேட்டதில் பிழை உண்டா?' என்று எழுதியிருந்தார்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லி விடுகிறேன். இந்த நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மதுக்கடைகளில் நடப்பவை. மது பரிமாறும் மேசையில் நம் பிள்ளை உட்காரக் கூடாது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும் மதுவோடு ஒட்டிப் பிறந்தவை அல்ல. நூலகத்தில் நடத்தலாம், வீட்டில் நடத்தலாம். அந்த நண்பர்கள் மூவரையும் தன் அறைக்கே அழைத்துத் தேநீர் கொடுத்து நடத்தும்படி மகனிடம் சொல்லலாம்.

ஞாபகசக்தியைச் சோதித்துப் பார்ப்பது நமக்குப் புதிதுமில்லை. இமாம் புகாரி அவர்கள் பக்தாதுக்கு வந்தபோது பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாக 100 ஹதீஸ்களை எடுத்து, அறிவிப்பாளர் வரிசைகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தி, சபையில் அவர்கள் முன் வைத்ததாக வரலாற்று நூல்களில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 'இதை நான் அறியேன்' என்றே சொல்லிக்கொண்டு வந்தார்கள். பத்தாமவர் முடித்த பிறகு முதலாமவரின் பக்கம் திரும்பி, நூறையும் ஒழுங்கு தவறாமல் திருத்திச் சொன்னார்கள். ஸ்டேப்ளரையும் ஸனதையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். மனனம் செய்தவனைக் கூட்டத்தின் நடுவே சோதிப்பதில் மனிதருக்கு உள்ள ஆசை பழையது என்று மட்டுமே சொல்கிறேன்.

என் கவலை வேறோர் இடத்தில். சிரிக்க வைக்கும் நாடகத்தைப் பார்க்கும்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நம் பிள்ளைகள் கவனிக்கிறார்களா?

'மைண்ட் யுவர் லேங்குவேஜ்' என்ற பழைய ஆங்கில நாடகம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் நாட்டுத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். 1977 முதல் 1979 வரை லண்டனில் எடுத்தது. பிற நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மாலை வகுப்பு ஒன்று; அங்கே பிரவுன் என்ற பொறுமைசாலி ஆசிரியர். இத்தாலியர், ஜேர்மன் பெண், சீனப் பெண், ஜப்பானியர், பின்னல் ஊசியும் கையுமாக இருக்கும் ஜமீலா என்ற இந்திய இல்லத்தரசி, பாகிஸ்தானிய முஸ்லிமான அலி நதீம் என்று வகுப்பு நிறைந்திருக்கும். 'ஆயிரம் மன்னிப்பு' கேட்டுக்கொண்டே இருக்கும் சீக்கியர் ரஞ்சித் சிங்காக நடித்த அல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர், 2017இல் காலமானார். அலியாக நடித்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். 1984இலேயே இறந்து விட்டார். நானும் ஓர் ஆசிரியன் என்பதால் பிரவுன் ஸேரின் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது! ஆனால் இந்தச் சிரிப்பு பிற இனத்தவரைப் புண்படுத்துகிறது என்று சொல்லி, அதை ஒளிபரப்பிய நிறுவனத்தின் அதிகாரி மைக்கேல் கிரேட் அதை நிறுத்தினார். நம் நாட்டில் இது ஏன் என்று பலருக்கு விளங்கவில்லை. தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசுகிற அலியைப் பார்த்து, நம்மைப் போலவே தடுமாறுகிறான் என்றுதான் நாம் சிரித்தோம். லண்டனில் கடை வைத்திருந்த உண்மையான அலியிடம் போய் அதே குரலில் பேசிக் காட்டியவர்களின் சிரிப்பு அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

அந்த இரண்டாவது சிரிப்பை நான் நம் கரையிலேயே கேட்டிருக்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் மிகப் பலர் நம் மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. பாடசாலையில் ஒரு வாங்கில் மூவர் இருந்த இடத்தில் ஐவர் இருந்தோம். என் பக்கத்தில் மன்னார்ப் பக்கத்து மீனவர் ஒருவரின் மகன். அவன் வாயைத் திறந்தாலே பின் வாங்கிலிருந்து ஒருவன் அந்த இழுப்பைப் பிடித்து, அலி நதீம் பேசுவது போல் பேசிக் காட்டுவான். வகுப்பு சிரிக்கும். இரண்டு கிழமையில் அந்தப் பிள்ளை பேசுவதையே விட்டுவிட்டான். கேள்வி கேட்டால் கொப்பியில் எழுதிக் காட்டுவான்.

எங்கள் டீச்சர் யாரையும் அடிக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. ஒரு நாள் கரும்பலகையை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்தார். ஒவ்வொரு மீனாக வரைந்து, நம் ஊர்ப் பெயரை எங்களிடமும் அவனுடைய ஊர்ப் பெயரை அவனிடமும் கேட்டார். சித்திரத்தில் டீச்சருக்கு வராத பகுதி மீன்தான் என்பது அன்று தெரிந்தது. வால் எது, தலை எது என்று தெரியாத ஒரு மீனுக்கு நாங்கள் திணறிக்கொண்டிருக்க, அவன் எழுந்து நின்று பெயரைச் சொன்னான். எந்த மாதத்தில், எந்த வலையில் படும் என்றும் சொன்னான். மணி அடித்தபோது எங்கள் பக்கத்தை விட அவன் பக்கம் நீளமாக இருந்தது. பேசிக் காட்டுகிறவன் அதற்குப் பிறகு அவனிடம் மீன் பெயர் கேட்கத்தான் வந்தான்.

நம் நாட்டு வானொலியிலும் இப்படிப் பல பேச்சுகள் ஒரே இடத்தில் கூடிச் சிரிக்க வைத்தது உண்டு. இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' உங்கள் உம்மாமாருக்கு நினைவிருக்கும். மரைக்கார் நம்மவர் தமிழில் பேசுவார், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழில், உபாலி சிங்களம் கலந்த தமிழில், ஐயர் ஐயராத்துத் தமிழில். 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. மரைக்காராகப் பேசிய எஸ். ராமதாஸ் முஸ்லிம் அல்ல. கடைசி வரை நாட்டுக்கு அவர் மரைக்கார் ராமதாஸ்தான். ஐயராகப் பேசியவரோ பி.எச். அப்துல் ஹமீத்! ஒருவர் பேச்சை மற்றவர் இவ்வளவு அன்போடு காது கொடுத்துக் கேட்டிருந்தால்தான் அப்படிப் பேசிக் காட்ட முடியும். அந்த நாடகத்தைக் கேட்டு நம்மவர்கள் முகம் சுளித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. காணியைப் பற்றிக் கேட்டது பிழையில்லை, கேட்ட நேரம்தான் பொருத்தமில்லை. குளிர் தேசத்தில் இரண்டு வருடம் தனியாக இருந்த பிள்ளைக்கு ஒரே மேசையில் உட்கார மூவர் கிடைத்திருக்கிறார்கள், அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறார். நீங்களே கோல் எடுங்கள். இடத்தைப் பற்றிய விஷயத்தை அன்பாகச் சொல்லுங்கள். பிறகு அந்த நாடகத்தில் ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள் என்று எழுதினேன்.

மறு மாதம் அவரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. மகன் ஸ்டேப்ளர் கதையைச் சொல்லியிருக்கிறார். தாய்க்குச் சிரிப்பு வந்து விட்டது. 'இது என்ன மகன், வாப்பா உப்பளத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்த காலத்தில் மெனேஜரின் குடைக்குள் உப்புக் கொட்டி வைத்தவர்' என்று சொல்லியிருக்கிறார். மகனுக்கு அது தெரியாது. வாப்பா மௌத்தாகும்போது அவருக்கு ஒன்பது வயது. அன்று ஒன்றரை மணித்தியாலம் பேசினார்களாம். இப்போது ஒவ்வொரு வாரமும் கேள்விகள் வருகின்றனவாம். மெனேஜரின் பெயர் என்ன? குடை என்ன நிறம்? வாப்பா பிடிபட்டாரா? பாதிக்கு அவருக்கே விடை தெரியவில்லை. வாப்பாவோடு வேலை செய்த ஒருவர் இன்னும் தில்லையடியில் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மைத்துனரை அங்கே அனுப்பிக் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைக்கப் போவதாக எழுதியிருந்தார்.