மாரடைப்பு என்றாலே தடுப்பூசிதானா? கொரோனா தொற்றைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

ஜிம்மில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த இளைஞர் சுருண்டு விழுகிறார். அந்த சிசிடிவி வீடியோ வாட்ஸ்அப்பில் வந்த சில நிமிடங்களிலேயே யாராவது எழுதிவிடுவார்கள்: "எல்லாம் அந்த ஊசி பண்ற வேலை." அவருக்குக் கொரோனா வந்திருந்ததா, ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரின் விவரங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டது. கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குத் திடீர் மரண வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. இரண்டு டோஸ் ஊசி போட்டவர்களுக்கோ அது கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தது. குடும்பத்தில் திடீர் மரணம், கடைசி 48 மணி நேரத்தில் அளவு மீறிய குடி, கடும் உடற்பயிற்சி ஆகியவையும் ஆபத்தைக் கூட்டின.

சரி, நுரையீரலைத் தாக்கும் கிருமிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? கொரோனா தொற்று ரத்தக் குழாய்களின் உட்சுவரில் அழற்சியை உண்டாக்குகிறது. ரத்தம் எளிதில் உறைகிறது. அந்தக் கட்டி இதயத்துக்குப் போகும் குழாயை அடைத்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பக்கவாதம். சிலருக்கு இதயத் தசையிலேயே அழற்சி வரும்.

காய்ச்சல் போனால் ஆபத்தும் போய்விடுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் தொற்று வந்த 1,53,760 முன்னாள் ராணுவத்தினரை ஓராண்டு கவனித்த ஆய்வு 2022-ல் வெளியானது. அவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 63 சதவீதமும், இதயச் செயலிழப்பு அபாயம் 72 சதவீதமும் அதிகம். வீட்டிலேயே இருந்து குணமானவர்களுக்கும் அபாயம் கூடியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள் என்பதால் இதே சதவீதத்தை 25 வயதுக்காரருக்குப் பொருத்த முடியாது.

ஊசியில் பக்கவிளைவே இல்லை என்று அடித்துச் சொல்வதும் தப்பு. கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்த உறைவு ஏற்பட்டது உண்மை. ஆனால் அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் தெரியவரும் பிரச்சினை. மூன்று வருஷம் கழித்து ஜிம்மில் வருவது அல்ல.

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிபி, சுகர் பார்க்கிறார்கள். "கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்களா?" என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். 'ஆமாம்' என்பவருக்கு ஒரு இசிஜி எடுத்துப் பார்க்க அரசுக்குப் பெரிய செலவு ஆகிவிடாது.